குழந்தை பிறந்தால் வரிச் சலுகை உண்டா? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவிகளும் தகுதிகளும்

வீட்டில் முதல் குழந்தை பிறந்ததும் குறைந்த வருமானமுள்ள பல குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தையின் பெயரில் வருமான வரியில் ஏதேனும் சலுகை கிடைக்குமா என்பதே அது. இணையத்தில் தேடினால் "ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு டாலர்" என்ற வகையில் ஏராளமான தகவல்கள் வந்து விழும். அவை பெரும்பாலும் அமெரிக்காவையோ பிரிட்டனையோ கனடாவையோ சேர்ந்தவை. இந்திய வருமான வரிச் சட்டத்தில் குழந்தை பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக வழங்கப்படும் வரிச் சலுகை எதுவும் இல்லை.

அதற்காக உதவியே இல்லை என்று பொருளல்ல. இந்தியாவில் அந்த உதவி வரித்துறை வழியாக வருவதில்லை. மகப்பேறு நிதியுதவித் திட்டம், தொழிலாளர் சட்டம், மாநில அரசுத் திட்டங்கள் ஆகிய வழிகளில் வருகிறது. ஒரு தாய்க்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதை அவரது வருமான அளவைவிட, அவர் எவ்வகையான வேலையில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கிடைக்கும் தொகையின் வேறுபாடோ மிகப் பெரியது.

வரிச் சலுகை என்ற ஒரு சொல், நான்கு பொருள்கள்

தமிழில் "வரிச் சலுகை" என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியுள்ளன. குறிப்பிட்ட வருவாயைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது விலக்கு. மொத்த வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள அனுமதிப்பது கழிவு. கணக்கிட்டு வந்த வரியையே குறைப்பது தள்ளுபடி. நான்காவது, ஆங்கிலத்தில் டாக்ஸ் கிரெடிட் எனப்படுவது. இதன் ஒரு வகையில், செலுத்த வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் அரசு தன் கையிலிருந்து பணம் தரும்.

அமெரிக்காவின் குழந்தை வரி வரவுத் திட்டம் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது. அங்கு 2025ஆம் வரி ஆண்டுக்கு, 17 வயது நிரம்பாத ஒவ்வொரு குழந்தைக்கும் அதிகபட்சம் 2,200 டாலர் அனுமதிக்கப்படுகிறது. வரியே செலுத்த வேண்டியிராத குடும்பமும் இதில் 1,700 டாலர் வரை ரொக்கமாகப் பெற முடியும். ஆனால் உழைத்து ஈட்டிய வருமானம் 2,500 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டிய தொகையில் 15 சதவீதம் என்ற அளவில்தான் அந்தப் பணம் கணக்கிடப்படும். ஆகவே மிக ஏழைக் குடும்பங்களுக்கு அங்கும் முழுத்தொகை கிட்டுவதில்லை. பிரிட்டனில் இதே பெயரில் இயங்கிய குழந்தை வரி வரவுத் திட்டம் 2025 ஏப்ரல் 5ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்து, யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த உதவித்தொகைக்குள் அடங்கிவிட்டது.

இந்தியாவில் உள்ளது மூன்றாவது வகை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவின் பெயரால் அறியப்படும் இந்தத் தள்ளுபடியின்படி, 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்கள் வரி செலுத்த வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ரூ.75,000 நிலைக்கழிவும் சேர்வதால் இந்த வரம்பு ரூ.12.75 லட்சமாகிறது. பழைய வரி முறையில் ரூ.5 லட்சம் வரையிலான வருமானத்துக்கு இது பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியுள்ளன.

இந்தத் தள்ளுபடிக்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை. திருமணமாகாதவருக்கும் மூன்று குழந்தைகளின் தந்தைக்கும் ஒரே கணக்குத்தான். தவிர, அது வரியைப் பூஜ்யம் வரை இறக்குமே அன்றி அதற்குக் கீழே கொண்டு செல்லாது. ஆண்டுக்கு ரூ.7 லட்சம் ஈட்டுபவருக்குப் புதிய முறையில் ரூ.15,000 வரி கணக்கிடப்பட்டு, அது முழுவதும் தள்ளுபடியாகிறது. ரூ.3 லட்சம் ஈட்டுபவருக்கு வரியே கணக்கிடப்படுவதில்லை என்பதால் தள்ளுபடி செய்ய ஒன்றும் இல்லை. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு வரித்துறையின் கதவு வழியே பணம் வராது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

குழந்தைகளைக் கணக்கில் கொண்ட காலம்

இந்திய வருமான வரி எப்போதுமே குழந்தைகளைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் வரிவிலக்கு வரம்பு குடும்பத்தைப் பொறுத்து மாறியது. மணமாகாதவருக்கு ஆண்டு வருமானத்தில் ரூ.1,000 வரை வரி இல்லை. மணமாகிக் குழந்தை இல்லாதவருக்கு ரூ.3,000, ஒரு குழந்தை இருந்தால் ரூ.3,300; ஒன்றுக்கு மேல் இருந்தால் ரூ.3,600. அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. அன்றும் வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ள சிலருக்கே அது பயன்பட்டிருக்கும் என்பதும் உண்மை.

இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கழிவுகளே. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டு குழந்தைகள் வரை பள்ளி, கல்லூரிகளுக்குச் செலுத்தும் கல்விக் கட்டணத்தை ரூ.1.5 லட்சம் என்ற ஒட்டுமொத்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். பெண் குழந்தையின் பெயரில் தொடங்கும் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் செலுத்தும் பணமும் இதே வரம்புக்குள் வரும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குத் தனிக் கழிவு உண்டு. இவற்றால் பயன் பெறுவது யார் என்பதே கேள்வி. ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சம் உள்ள ஒருவர் பழைய முறையிலேயே தள்ளுபடியால் வரியின்றி இருக்கிறார். அவர் எவ்வளவு கட்டணம் செலுத்தியிருந்தாலும் அந்தக் கழிவால் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. செல்வமகள் திட்டம் நல்ல சேமிப்புத் திட்டம், ஆண்டுக்கு ரூ.250 செலுத்தியும் கணக்கை நடத்தலாம். ஆனால் அது பெற்றோர் தம் பணத்தைச் சேர்த்து வைக்கும் கணக்கு. பெண் குழந்தை பிறந்ததற்காக அரசு தரும் தொகையென அதைக் கருதுவது தவறு.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்த வேலை செய்வோரின் ஊதியத்தில் வரி முன்கூட்டியே பிடிக்கப்பட்டிருந்து, ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம். அது சலுகை அன்று, சொந்தப் பணமே. குழந்தை பிறந்த ஆண்டில் அதுவும் கைக்கு உதவும்.

ரூ.5,000 யாருக்குக் கிடைக்கும்?

குறைந்த வருமானமுள்ள புதிய தாய்மார்களுக்கு நாடு முழுவதும் பொருந்தும் நேரடி நிதியுதவி, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம். இதன் வேர் 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரூ.6,000க்குக் குறையாத மகப்பேற்று உதவியை அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு உரிமையாக்கியது. மத்திய, மாநில அரசுகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நிரந்தரப் பணியில் உள்ளவர்களும், வேறு சட்டத்தின் கீழ் இதே போன்ற பயன் பெறுபவர்களும் மட்டுமே விலக்கப்பட்டனர். நாடு தழுவிய திட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் மிஷன் சக்தி என்ற குடையின் கீழ் விதிகள் மாற்றி அமைக்கப்பட்டன.

இப்போதைய விதிகளின்படி முதல் குழந்தைக்கு ரூ.5,000 இரண்டு தவணைகளில் வழங்கப்படுகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்து, கடைசி மாதவிடாய் தேதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் ஒரு மருத்துவப் பரிசோதனையேனும் செய்திருந்தால் ரூ.3,000 கிடைக்கும். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து, 14 வாரம் வரையிலான முதல் சுற்றுத் தடுப்பூசிகளைப் போட்டு முடித்த பின் ரூ.2,000 கிடைக்கும். இரண்டாவது குழந்தைக்கு ரூ.6,000 ஒரே தவணையில் தரப்படும். ஆனால் அது பெண் குழந்தையாக இருக்க வேண்டும். இரண்டாவது பிரசவத்தில் இரட்டையர் பிறந்து அவர்களில் ஒன்று பெண்ணாக இருந்தாலும் தகுதி உண்டு.

தகுதிக்கான பட்டியல் நீளமானது. பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்த பெண்கள், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் கொண்டவர்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான அட்டை வைத்திருப்பவர்கள், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டைதாரர்கள், ஆயுஷ்மான் பாரத் பயனாளிகள், இ-ஷ்ரம் அட்டை பெற்ற அமைப்புசாராத் தொழிலாளர்கள், ஊரக வேலை உறுதித் திட்ட வேலை அட்டை உள்ளவர்கள், பிரதமரின் கிசான் நிதி பெறும் பெண் விவசாயிகள், அங்கன்வாடி ஊழியர்கள், உதவியாளர்கள், ஆஷா பணியாளர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். இவற்றில் எதுவும் இல்லாதவர்கள், குடும்பத்தின் ஆண்டு நிகர வருமானம் ரூ.8 லட்சத்துக்குக் குறைவு என்பதற்கான சான்றிதழைக் காட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், எல்லாம் தேவையில்லை. பெண்ணின் வயது குறைந்தது 18 ஆண்டு 7 மாதமாக இருக்க வேண்டும்.

குடும்ப அட்டை விஷயத்தில் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் குடும்ப அட்டை உண்டு. ஆனால் அவை எல்லாமே மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை அல்ல. முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும்தான் அந்தத் தகுதி. முன்னுரிமையற்ற அட்டை வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காமல், இ-ஷ்ரம் அட்டையையோ வருமானச் சான்றையோ இணைப்பது நல்லது.

சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடையே

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ரூ.6,000க்குக் குறையாமல் என்றது சட்டம். முதல் குழந்தைக்கு ரூ.5,000 என்கிறது திட்டம். மருத்துவமனைப் பிரசவத்துக்குத் தரப்படும் ஜனனி சுரக்ஷா உதவியையும் சேர்த்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ரூ.6,000 கிடைத்துவிடும் என்பது அரசின் விளக்கம். அந்த உதவி இடத்துக்கு இடம் மாறுவது. உத்தரப் பிரதேசம், பிகார் போன்ற, மருத்துவமனைப் பிரசவங்கள் குறைவாக இருந்த மாநிலங்களில் கிராமப்புறத் தாய்க்கு ரூ.1,400, நகர்ப்புறத் தாய்க்கு ரூ.1,000 தரப்படுகிறது. தமிழகம், கேரளம் போன்ற மற்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு முறையே ரூ.700, ரூ.600 மட்டுமே. "சராசரி" என்ற சொல்லுக்குள் இந்த வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

இரண்டாவது குழந்தை ஆணாக இருந்தால் எதுவும் இல்லை என்ற விதியும் விவாதத்துக்கு உரியதே. பாலினத் தேர்வைத் தடுத்துப் பெண் குழந்தை பிறப்பை ஊக்குவிப்பது இதன் நோக்கம் என்கிறது அரசு. நோக்கம் நியாயமானது. ஆனால் பிரசவத்தால் வேலைக்குச் செல்ல முடியாமல் ஊதியத்தை இழக்கும் தாயின் நிலை, பிறந்தது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியொரு பாகுபாடு இல்லை. 2017 டிசம்பரில் பொருளாதார அறிஞர்கள் 60 பேர் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்கு எழுதிய கடிதத்தில், சட்டம் கூறும் மகப்பேற்று உதவியை முழுமையாக வழங்க நிதி ஒதுக்குமாறு கோரினர். 2013இல் நிர்ணயிக்கப்பட்ட ரூ.6,000 என்ற அளவு விலைவாசியோடு இணைக்கப்படவில்லை என்பதால், ஆண்டுக்கு ஆண்டு அதன் மதிப்பு தேய்ந்தே வருகிறது.

பணம் வந்து சேரும் காலமும் முக்கியம். ஊதிய இழப்புக்கு ஓரளவு ஈடு செய்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுக்க உதவுவதே திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் இரண்டாவது தவணைக்கு 14ஆம் வாரத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். அதாவது குழந்தை பிறந்து மூன்று மாதங்களுக்கு மேல் கழிந்த பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ செல்லும் பெண்களில் பலர் அதற்குள் வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். இரண்டாவது பெண் குழந்தைக்கான ரூ.6,000 முழுவதுமே இந்தக் காலகட்டத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது.

திட்டம் தொடங்கியது முதல் 4 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நிதியுதவி வழங்கப்பட்டிருப்பதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. அது குறைந்தபட்சம் ஒரு தவணையாவது பெற்றவர்களின் எண்ணிக்கை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால்

மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறும், பத்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் உள்ள பெண் தொழிலாளர், தொழிலாளர் அரசு காப்பீடான இஎஸ்ஐ திட்டத்துக்குள் வருகிறார். அவரது ஊதியத்தில் 0.75 சதவீதமும், முதலாளியின் பங்காக 3.25 சதவீதமும் செலுத்தப்படுகின்றன. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள்களுக்குப் பங்கு செலுத்தப்பட்டிருந்தால், 26 வாரங்களுக்கு முழுச் சராசரி ஊதியத்தையும் இஎஸ்ஐ கழகமே வழங்கும். இதில் முதலாளிக்குத் தனிச் செலவு இல்லை.

ஊதியம் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கும், இஎஸ்ஐ திட்டத்துக்குள் வராத நிறுவனங்களில் உள்ளவர்களுக்கும் மகப்பேற்றுப் பயன் சட்டத்தின் விதிகள் பொருந்தும். 1961ஆம் ஆண்டின் அச்சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. அந்த விதிகள் இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இணைக்கப்பட்டுள்ளன. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் பணியாற்றியிருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரங்கள். ஊதியத்தை முதலாளியே தர வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான ஊதியத்தைக் கர்ப்பச் சான்றைக் காட்டியதும் முன்பணமாகவும், எஞ்சியதைப் பிரசவச் சான்று அளித்த 48 மணி நேரத்துக்குள்ளும் வழங்க வேண்டும் என்கிறது சட்டம். விடுப்புக்கு முன்கூட்டி எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறினாலும் உரிமை பறிபோகாது. மகப்பேற்று விடுப்பில் இருக்கும்போது பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம்.

நிரந்தரப் பணியாளர்களுக்கே இது உரியது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. தில்லி மாநகராட்சியில் தினக்கூலி அடிப்படையில் பணியாற்றிய பெண்களின் வழக்கில், அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் விடுப்பின் இடையே முடிந்தாலும் பயன் தொடர வேண்டும் என 2023இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

இந்த இரு வழிகளுக்கும் இடையிலான தூரத்தை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரே தொழிற்பேட்டையில் இரு பெண்கள் மாதம் ரூ.15,000 ஈட்டுவதாகக் கொள்வோம். ஒருவர் இஎஸ்ஐ பதிவு உள்ள ஆலையில் வேலை செய்கிறார். மற்றவர் அதே ஆலைக்கான துணிகளை வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். முதல் குழந்தை பிறக்கும்போது முதலாமவருக்கு ஆறு மாத ஊதியமாக ஏறத்தாழ ரூ.90,000 கிடைக்கும். இரண்டாமவருக்குக் கிடைப்பது ரூ.5,000, அதுவும் இரண்டு தவணைகளில். இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் இரண்டாமவரின் நிலையில்தான் உள்ளனர். இஎஸ்ஐ வழியாகவோ முதலாளி வழியாகவோ மகப்பேற்று ஊதியம் பெறும் பெண், மாத்ரு வந்தனா திட்டத்துக்கு விண்ணப்பிக்க இயலாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

தந்தையின் வேலை வழியாக வரும் பயன் குறைவே. கணவர் இஎஸ்ஐ உறுப்பினர் என்றால் மனைவிக்கும் குழந்தைக்கும் மருத்துவச் சிகிச்சை உண்டு. ஊதிய ஈட்டுத்தொகை இல்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உள்ளது. தனியார் துறைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மாநிலங்களின் கூடுதல் உதவி

பல மாநிலங்கள் மத்தியத் திட்டத்துடன் தம் பங்கையும் சேர்த்து வழங்குகின்றன. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு ரூ.18,000. இதில் ரூ.14,000 ரொக்கம், ரூ.4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். மாத்ரு வந்தனா தொகை இதனுள் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே அதைத் தனியாக எதிர்பார்க்கக் கூடாது. ஒடிசாவில் மமதா திட்டம் 2011 முதல் செயல்படுகிறது. தெலங்கானாவில் 2017இல் தொடங்கிய திட்டம், அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கு ரூ.12,000, பெண் குழந்தை எனில் ரூ.13,000 என அறிவிக்கப்பட்டது. வேலைக்காக வேறு மாநிலத்தில் குடியிருப்பவர்கள், மாநிலத் திட்டத்துக்கு இருப்பிடச் சான்று கேட்கப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டட வேலை செய்யும் பெண்களுக்கு மேலும் ஒரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் மாநிலந்தோறும் நல வாரியங்கள் அமைக்கப்பட்டன. ஓராண்டில் 90 நாள்கள் கட்டுமான வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் இதில் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற பெண்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கப்படுகிறது. தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்ப்பம் உறுதியான பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருந்தால் சில மாநிலங்களில் காலம் கடந்துவிடும்.

செலவைக் குறைக்கும் ஏற்பாடும் வருமானத்துக்கு நிகரானதே. அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை உட்படப் பிரசவம், மருந்து, பரிசோதனை, உணவு, வீட்டிலிருந்து சென்று திரும்பும் வாகன வசதி ஆகிய அனைத்தும் 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் இலவசம். ஓராண்டு வரை நோயுற்ற குழந்தைக்கும் இது பொருந்தும். இதற்கு வருமான வரம்பு கிடையாது.

விண்ணப்பம் எங்கே நின்றுவிடுகிறது?

மாத்ரு வந்தனா திட்டத்துக்கு அருகிலுள்ள அங்கன்வாடி மையத்திலோ ஆஷா பணியாளரிடமோ விண்ணப்பிக்கலாம். திட்டத்தின் இணையதளத்தில் நேரடியாகவும் பதிவு செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. தாயின் ஆதார், தாய்சேய் நல அட்டை, தகுதிக்கான சான்று, கைபேசி எண், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு ஆகியவை தேவை. மாற்றியமைக்கப்பட்ட விதிகளில் கணவரின் ஆதார் கட்டாயமில்லை. கைவிடப்பட்டோருக்கும் தனித்து வாழும் தாய்மாருக்கும் இது பெரும் தடையை அகற்றியது.

நடைமுறையில் பணம் தடைபடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, கணக்கில் ஆதார் எண் சேர்க்கப்பட்டிருந்தாலும், அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் அந்தக் கணக்குக்கே வரும் வகையில் இணைப்பு செயல்படாமல் இருப்பது. பல கணக்குகள் இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே பணம் செல்லும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் தொகை திரும்பிவிடும். வங்கிக் கிளையில் இதை முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். கணவரின் கணக்கோ கூட்டுக் கணக்கோ ஏற்கப்படுவதில்லை. கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். திருமணத்துக்குப் பின் ஓர் ஆவணத்தில் தந்தை பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் இருப்பது நம் நாட்டில் வழக்கம். தமிழகப் பெண்களுக்கு முன்னெழுத்துச் சிக்கலும் கூடுதலாக உண்டு. ஆதாரில் முன்னெழுத்து முன்னால், வங்கியில் பின்னால் என்று இருந்தால்கூடக் கணினி ஏற்க மறுக்கலாம். ஆதாரில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுவது பாதுகாப்பானது.

மூன்றாவது, தேதிகள். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை; தாமதித்தால் கட்டணமும் கூடுதல் ஆவணங்களும் தேவைப்படும், அதனால் இரண்டாவது தவணையும் தள்ளிப்போகும். பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி, போலியோ, ஹெபடைட்டிஸ்-பி மருந்துகளும், 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளும் தாய்சேய் நல அட்டையில் தேதியுடன் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொண்டவர்கள் அந்த விவரத்தை அட்டையில் பதிந்துகொள்வது அவசியம். குழந்தை பிறந்து 270 நாள்கள் கடந்துவிட்டால் பதிவு செய்ய இயலாது.

கருச்சிதைவோ இறந்து பிறத்தலோ நேர்ந்தால், ஏற்கெனவே பெற்ற தவணை அடுத்த கர்ப்பத்தின் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. அப்பெண் அடுத்த முறை புதிய பயனாளியாகவே கருதப்படுவார். 2022க்கு முந்தைய விதிகளில் எஞ்சிய தவணைகளை மட்டுமே கோர முடிந்தது; அந்தப் பழைய விதியையே இப்போதும் கூறி விண்ணப்பத்தை மறுத்தால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் முறையிடலாம்.